காற்றை அளந்தவர்

1955ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடலோரத்தில் அமைந்திருக்கும் பிக் சர் வனப்பூங்கா. வானுயர வளர்ந்த ரெட்வுட் மரங்களுக்கு அடியில் ஓர் இளைஞர் உறக்கப் பைக்குள் படுத்திருந்தார். நள்ளிரவு கடந்ததும் அவர் எழுந்தார். கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையை எடுத்தார். அதற்குள் காற்று சிறிதும் இல்லை. முன்னரே உறிஞ்சி வெளியேற்றப்பட்டிருந்தது. தம் மூச்சுக்காற்று கலந்துவிடக் கூடாது என்பதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு குடுவையின் அடைப்பைத் திறந்தார். ‘உஸ்’ என்ற ஓசையோடு இரவுக் காற்று உள்ளே பாய்ந்தது. அடைப்பை மூடினார், நேரத்தைக் குறித்தார், மீண்டும் படுத்தார். சில மணி நேரம் கழித்து மறுபடியும் எழுந்தார்.

அந்த இளைஞரின் பெயர் சார்ல்ஸ் டேவிட் கீலிங். வயது 27. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். அவரைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆலைகளில் நல்ல சம்பளத்தில் வேலை காத்திருந்த காலம் அது. ஆனால், கீலிங்கிற்கு மலையும் காடும் பிடித்திருந்தன. திறந்தவெளியில் செய்யக்கூடிய ஆராய்ச்சி எதுவாக இருந்தாலும் சரி என்று கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டார்.

உண்மையில், இரவில் எழுந்து காற்றைப் பிடிக்கும்படி அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை. அவர் ஆராய வந்தது ஆற்று நீரையும் சுண்ணாம்புப் பாறையையும்தான். நீருக்கும் காற்றுக்கும் இடையே கரியமில வாயு எப்படி இடம் மாறுகிறது என்பது கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமானால், முதலில் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நூல்களைப் புரட்டினார். ஒரு மில்லியன் மூலக்கூறு காற்றில் 150 என்றது ஓர் அளவீடு. 350 என்றது மற்றோர் அளவீடு. இடத்திற்கு இடம், நாளுக்கு நாள் மாறுவது காற்றின் இயல்பு என்று அறிஞர்கள் பலர் எண்ணியிருந்தனர். கீலிங்கிற்கு இது மனநிறைவைத் தரவில்லை. மாறுவது காற்றா, அல்லது அளப்பவரின் கருவியா?

துல்லியமாக அளக்கும் கருவி கடையில் கிடைக்கவில்லை. 1916இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு கருவியின் அமைப்பு விளக்கப்பட்டிருந்தது. அதை அடிப்படையாக வைத்துக் கண்ணாடிக் குழாய்களையும் பாதரசத்தையும் கொண்டு தம் கைப்படவே ஒரு கருவியை அமைத்தார். காற்றைக் கடுங்குளிருக்கு உட்படுத்தி, அதிலுள்ள கரியமில வாயுவை உறையச் செய்து பிரித்தெடுத்து, அதன் அழுத்தத்தை அளப்பது அக்கருவியின் வேலை. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தையும் அது காட்டிக்கொடுத்தது. அவருடைய வேலைக்கு அவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. ஆயினும், செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்பது அவர் குணம். வீட்டுப் புல்வெளியின் ஓரம்கூடக் கோணாமல் இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் தம் பிள்ளைகளிடம் வற்புறுத்தியவர் அவர்.

அந்தப் பிடிவாதத்திற்குப் பலன் கிடைத்தது. இரவில் கரியமில வாயுவின் அளவு கூடியது, பகலில் குறைந்தது. இரவில் செடிகொடிகளும் மண்ணும் வெளிவிடும் வாயு, அசைவற்ற காற்றில் தரையை ஒட்டித் தேங்கி நிற்கிறது. வெயில் ஏறியதும் தரைக்காற்று சூடாகி மேலெழுந்து, உயரத்திலுள்ள காற்றோடு கலந்துவிடுகிறது. அதனால், பிற்பகலில் எடுத்த காற்று எல்லா இடங்களிலும் ஒன்றுபோலவே இருந்தது. காட்டில் எடுத்தாலும், பாலைவனத்தில் எடுத்தாலும், மலைமேல் எடுத்தாலும் ஒரு மில்லியனுக்கு ஏறத்தாழ 310. ஆக, காற்று மனம்போன போக்கில் மாறவில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அளவு இருந்தது. அதைக் கவனமாக அளந்தால், அது கூடுகிறதா குறைகிறதா என்றும் சொல்லிவிடலாம்.

அப்படிச் சொல்ல வேண்டிய தேவை என்ன? கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது கீலிங் பிறப்பதற்கு வெகுகாலத்திற்கு முன்பே தெரிந்திருந்தது. 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, வெவ்வேறு வாயுக்களைக் கண்ணாடிக் குழல்களில் அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சூடேறியது. நிழலுக்கு மாற்றிய பின்னும் அது ஆறுவதற்கு நெடுநேரம் பிடித்தது. சில ஆண்டுகளில் ஜான் டிண்டால் என்ற அறிவியலாளர் இலண்டனில் அதை இன்னும் நுட்பமாக ஆராய்ந்தார். பூமியிலிருந்து வெளியேறும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைச் சில வாயுக்கள் தடுத்துப் பிடித்துக்கொள்கின்றன என்று காட்டினார். 1896இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ், கரியமில வாயு இருமடங்கானால் பூமி எத்தனை பாகை சூடேறும் என்று கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார்.

1938இல் இன்னொருவர் வந்தார். கை காலெண்டர் என்னும் பிரிட்டிஷ் பொறியாளர். நீராவி எந்திரங்களைப் பற்றி ஆராய்வது அவர் தொழில்; வானிலை அவருக்குப் பொழுதுபோக்கு. உலகின் 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, கணினி இல்லாத காலத்தில் ஒவ்வோர் எண்ணாகக் கூட்டிக் கழித்து, ஐம்பது ஆண்டுகளில் பூமியின் வெப்பநிலை ஏறக்குறைய 0.3 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது என்று அவர் அறிவித்தார். அதற்கு மனிதர் எரிக்கும் நிலக்கரியே காரணம் என்றும் சொன்னார். அவர் தம் கட்டுரையைப் படித்த அவையில் இருந்த வல்லுநர்கள் அதை ஐயத்தோடுதான் கேட்டுக்கொண்டனர். தொழில்முறை வானிலையாளர் அல்லாத ஒருவரின் கணக்கு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் வலுவானது. வெளியேறும் கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் அது சேரவே சேராது என்று பலர் நம்பியிருந்தனர். சேர்கிறது என்று காட்டுவதற்கு நம்பத்தகுந்த அளவீடு யாரிடமும் இல்லை.

இந்த இடத்தில்தான் கீலிங்கின் குடுவைகள் பயன்பட்டன. 1957இல் அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டு தொடங்கியது. பல நாடுகள் ஒன்றுசேர்ந்து பூமியை ஆராய்ந்த காலம் அது. அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த ஹாரி வெக்ஸ்லரும், ஸ்கிரிப்ஸ் கடலாய்வுக் கழகத்தின் இயக்குநர் ரோஜர் ரெவெலும் கீலிங்கின் திறமையைக் கண்டுகொண்டார்கள். ஸ்கிரிப்ஸில் அவருக்கு வேலை கிடைத்தது. காற்றை இடைவிடாமல் அளக்கும் அகச்சிவப்புக் கருவிகளை வாங்கவும் பணம் கிடைத்தது. அவற்றுள் ஒன்று ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா எரிமலைக்குச் சென்றது. தென் துருவத்திலும் காற்று அளக்கப்பட்டது.

காற்றை அளக்க எரிமலையைத் தேர்ந்தெடுத்தது விந்தையாகத் தோன்றலாம். மௌனா லோவாவில் அந்த நிலையம் 3,397 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் கரிய எரிமலைப் பாறை. மரமில்லை, ஊரில்லை, தொழிற்சாலை இல்லை. நாற்புறமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பசிபிக் கடல். அங்கு வந்து சேரும் காற்று, வழியில் நன்றாகக் கலந்து சீராகிவிடுகிறது. எரிமலை வாய் சில நேரங்களில் வாயுவைக் கக்குவது உண்மைதான். அவ்வாறு கலந்த காற்று கருவிக்கு வரும்போது அளவு திடீரென்று தாறுமாறாக ஏறி இறங்கும். பகலில் மலையடிவாரத்துச் செடிகளைத் தொட்டுவரும் காற்றும் இனங்காணக் கூடியதே. அத்தகைய மணி நேரங்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு, அளவு தெரிந்த வாயுவைக் கருவிக்குள் செலுத்தி, கருவி சரியாகச் சொல்கிறதா என்று மீண்டும் மீண்டும் சோதிப்பார்கள். தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்ப்பதைப் போன்றது அது.

1958 மார்ச் மாத இறுதியில் கருவி இயங்கத் தொடங்கியது. முதல் நாள் காட்டிய அளவு 313. (பின்னாளில் அளவுகோலைத் திருத்தியபோது இந்த எண் சற்றே உயர்ந்தது.) கீலிங் எதிர்பார்த்ததும் ஏறத்தாழ அதுதான். ஏப்ரலில் அளவு சற்றுக் கூடியது. மே மாதத்தில் மேலும் ஏறியது. பிறகு, மலையில் மின்சாரம் தடைபட்டுக் கருவி நின்றது. ஜூலையில் மறுபடியும் இயங்கியபோது அளவு குறைந்திருந்தது. நாள் செல்லச் செல்ல இன்னும் குறைந்தது. மீண்டும் மின்தடை. கீலிங் கலங்கினார். நிலையான அளவு ஒன்று உண்டு என்று அவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். இப்போது அந்த எண் அவர் கண்முன்னே தள்ளாடியது. பழைய அறிஞர்கள் சொன்னதுபோலக் காற்று மனம்போன போக்கில்தான் மாறுகிறதா?

நவம்பரில் கருவி மூன்றாம் முறையாக உயிர்பெற்றது. அளவு மீண்டும் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டும் அதே கதை: மே வரை ஏற்றம், செப்டம்பர், அக்டோபர் வரை இறக்கம், மறுபடியும் ஏற்றம். அப்போதுதான் கீலிங்கிற்கு விளங்கியது. கருவி தவறவில்லை. பூமியின் வடபாதியில் உள்ள காடுகளும் புல்வெளிகளும் மூச்சு விடுவதை அது பதிவு செய்துகொண்டிருந்தது.

ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும் காடுகளைப் பார்த்து வளரும் மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களுக்கு இது உடனே புலப்படாது. உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதி வடபாதியில்தான் இருக்கிறது. அங்குக் கோடையில் இலைகள் தழைத்து, கரியமில வாயுவை உறிஞ்சி வளர்கின்றன. காற்றில் அதன் அளவு குறைகிறது. இலையுதிர்ந்து மட்கும் காலத்தில் அந்த வாயு காற்றுக்கே திரும்புகிறது, அளவு கூடுகிறது. ஒரு மில்லியனுக்கு ஏறக்குறைய ஆறு அலகு இடைவெளியில் நடக்கும் இந்த ஏற்றயிறக்கத்தை அதற்கு முன் யாரும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. கீலிங் வேறு எதையும் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தாலும், இது ஒன்றே போதும்.

ஆனால், அவர் மற்றொன்றையும் கண்டார். ஒவ்வொரு மே மாதமும் எட்டிய உச்சம், அதற்கு முந்திய மே மாதத்து உச்சத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தது. ஒவ்வோர் இறக்கமும் முந்திய இறக்கத்தைப்போல் அவ்வளவு கீழே இறங்கவில்லை. மரங்களே இல்லாத தென் துருவத்திலும் அளவு ஏறியது. 1960இல் கீலிங் இதை வெளியிட்டார். கடல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடவில்லை.

பூமியைப் பற்றிய இத்தனை பெரிய செய்தியைக் கொண்டுவந்தவரை எல்லாரும் தாங்கிப் பிடித்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. 1964இல் அரசாங்கச் செலவுக் குறைப்பால் பணம் நின்றது. மௌனா லோவாவில் அந்த ஆண்டின் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை யாரும் அளக்கவில்லை. கீலிங் அலைந்து திரிந்து பணம் தேடி அதை மீண்டும் தொடங்கினார். ஆயினும், அந்த மாதங்கள் போனவை போனவைதான். நேற்றைய காற்றை இன்று போய் அளக்க முடியாது. இன்றைக்கும் அந்த வரைபடத்தின் மூலப் பதிவுகளில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கிறது.

அதன் பிறகும் தொல்லை ஓயவில்லை. ஒரே இடத்தில், ஒரே பொருளை, ஆண்டு ஆண்டாக அளந்துகொண்டிருப்பது ஆராய்ச்சியா அல்லது வெறும் அலுவலக வேலையா என்று பணம் தருவோர் கேட்டனர். பணம் தொடர வேண்டுமானால், ஆண்டுக்கு இரண்டு புதிய கண்டுபிடிப்புகளைக் காட்ட வேண்டும் என்றுகூட ஓர் அதிகாரி அவரிடம் கேட்டாராம். வேடிக்கைதான். குழந்தையின் உயரத்தை ஆண்டுதோறும் சுவரில் குறித்து வரும் தாயிடம், “இன்றைக்கு என்ன புதுமை?” என்று கேட்பதைப் போன்றது இது. ஒரு கோட்டில் ஒன்றும் இல்லை. பல கோடுகள் சேர்ந்தால்தான் குழந்தை வளர்ந்தது தெரியும். 1974இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று அதே மலையில் தன் சொந்த அளவீட்டைத் தொடங்கியது. இனி கீலிங்கின் அளவீடு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. இரண்டு பேர் தனித்தனியே அளந்தால்தான் ஒருவர் தவற்றை மற்றவர் பிடிக்க முடியும் என்று அவர் விடாமல் வாதாடினார். இன்றும் இரண்டு அளவீடுகளும் அங்கு நடக்கின்றன, இரண்டும் ஒத்துப்போகின்றன.

கரியமில வாயு ஏறுவது உறுதியாயிற்று. அது மனிதர் எரித்த நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்தது என்பதற்கு என்ன சான்று? எரிமலையிலிருந்து வந்திருக்கலாமே என்று இன்றும் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்குக் காற்றே விடை வைத்திருக்கிறது. கரிம அணுக்களில் மூன்று வகை உண்டு. அவற்றுள் கரிமம்-14 என்பது கதிரியக்கம் உடையது. ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். பல மில்லியன் ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியில் அது அறவே இல்லை. கரிமம்-13 சற்றுக் கனமானது. செடிகள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை; ஆகவே, பழங்காலச் செடிகளிலிருந்து உண்டான நிலக்கரியிலும் அது குறைவு. நிலக்கரிப் புகை காற்றில் கலக்கக் கலக்க, காற்றிலுள்ள கரியமில வாயுவில் கரிமம்-13இன் பங்கு குறைய வேண்டும். அளந்து பார்த்தார்கள், குறைந்துகொண்டே வருகிறது.

இன்னொரு சான்றைத் தந்தவர் கீலிங்கின் மகன் ரால்ஃப். எதை எரித்தாலும் உயிர்வளி செலவாகும். எரிமலையோ கடலோ கரியமில வாயுவை வெளிவிட்டால் உயிர்வளி செலவாகாது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளிதான். அவ்வளவு பெரிய குவியலிலிருந்து ஒரு சிட்டிகை குறைந்ததைக் கண்டுபிடிப்பது இயலாத செயல் என்று பலர் நினைத்திருந்தார்கள். ரால்ஃப் அதற்கென ஒரு கருவியை உருவாக்கி, 1980களின் இறுதியில் அளக்கத் தொடங்கினார். உயிர்வளி குறைகிறது. மூச்சு விடுவதற்கு இடையூறு ஏற்படும் அளவுக்கு இல்லை. ஆனால், எங்கோ எரிகிறது என்று சொல்லும் அளவுக்குக் குறைகிறது. எரிமலைகளைப் பொறுத்தவரை, அவை ஓராண்டில் வெளிவிடும் கரியமில வாயு, மனிதர் வெளிவிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

1958க்கு முந்திய காற்றை என்ன செய்வது? அதையும் ஒருவர் கண்டுபிடித்தார். 1965இல் அண்டார்க்டிகாவில் முகாமிட்டிருந்த பிரெஞ்சு அறிவியலாளர் குளோட் லோரியஸ், ஆழத்திலிருந்து எடுத்த பனிக்கட்டித் துண்டைத் தம் பானக் கோப்பையில் போட்டார். பனி உருக உருக, அதிலிருந்து சிறு சிறு குமிழிகள் வெடித்து வெளிவந்தன. அந்தப் பனி விழுந்த காலத்துக் காற்றல்லவா அது! பனி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து இறுகும்போது, அந்தந்தக் காலத்துக் காற்று உள்ளே சிறைப்படுகிறது. இயற்கையே குடுவைகளில் காற்றைச் சேமித்து வைத்திருக்கிறது. அண்டார்க்டிகாவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளிலிருந்து 800,000 ஆண்டுகளின் காற்று அளக்கப்பட்டுள்ளது. அந்த நெடுங்காலத்தில் கரியமில வாயு ஏறத்தாழ 180க்கும் 300க்கும் இடையே ஏறி இறங்கியிருக்கிறது. குறைந்தபோது பூமி குளிர்ந்தது, கூடியபோது வெதுவெதுப்பானது. 300ஐத் தாண்டிச் சென்றதாகச் சொல்லத்தக்க சான்று அந்தப் பனியில் இல்லை. மௌனா லோவாவில் 1959இன் சராசரி 316. 2024இன் சராசரி ஏறத்தாழ 425.

வெப்பநிலையும் அதற்கேற்ப உயர்ந்தே வந்திருக்கிறது. காலெண்டர் கையால் போட்ட கணக்கை இன்று கணினிகள் ஆயிரக்கணக்கான நிலையங்களின் பதிவுகளைக்கொண்டு போட்டுப் பார்த்திருக்கின்றன. அவர் சொன்னது பெரிதும் சரியாகவே இருந்தது. 2024ஆம் ஆண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சராசரியைவிட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் அதிக வெப்பமாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகளும், அளவீடு தொடங்கிய காலத்திலிருந்து அதுவரை கண்ட மிக வெப்பமான பத்து ஆண்டுகளாக இருந்தன. ஒன்றரை பாகைதானே என்று அலட்சியமாகத் தோன்றும். காய்ச்சல் கண்ட உடம்புக்கு ஒன்றரை பாகை என்றால் என்ன என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சூரியனின் வெப்பம் கூடியிருக்கலாம் அல்லவா? அந்தக் கேள்விக்கும் விடை வானத்தில் இருக்கிறது. சூரியன் காரணமாக இருந்தால், காற்று மண்டலத்தின் கீழடுக்கு, மேலடுக்கு இரண்டுமே சூடேற வேண்டும். கரியமில வாயு காரணமாக இருந்தால், கீழடுக்கு சூடேறும். மேலே இருக்கும் அடுக்கு மண்டலம் குளிரும். ஜப்பானில் பிறந்த சியுகுரோ மனாபே, தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து 1967இலேயே இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். அப்போது அதைச் சோதிக்கத் துணைக்கோள்கள் இல்லை. பின்னர் துணைக்கோள்கள் வந்து அளந்தன. கீழடுக்கு சூடேறிக்கொண்டிருக்கிறது, மேலடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. மனாபே 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது. ஏறக்குறைய நான்காயிரம் மிதவைக் கருவிகள் உலகக் கடல்களில் மூழ்கியும் எழுந்தும் 2,000 மீட்டர் ஆழம்வரை அதை அளந்து வருகின்றன. சூடான நீர் விரிவடையும். பனி உருகிய நீரும் கடலில் சேரும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது.

இந்த வட்டாரத்திலும் பனிமலை உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். இந்தோனேசியாவின் பப்புவாவில், நிலநடுக்கோட்டுக்கு அருகில், புஞ்சாக் ஜெயா சிகரத்தில் பனிப்பாளங்கள் இருக்கின்றன. 2010இல் லோனி தாம்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் தம் குழுவோடு அங்குச் சென்று, இருக்கும் பனியிலிருந்து பழைய காற்றையும் தூசியையும் காப்பாற்றிவிடலாம் என்று துளையிட்டார். அவர்கள் தங்கியிருந்த நாள்களில் பெய்தது பனியன்று, மழை. இரண்டு வாரங்களில் அவர்கள் நின்றிருந்த பனித்தரை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் கீழிறங்கியது. நூலகத்தைப் படிக்கப் போனவர்களின் கண்முன்னே ஏடுகள் கரைந்தன.

கீலிங் முதுமையிலும் அளப்பதை விடவில்லை. நல்ல பியானோ கலைஞராகவும் விளங்கிய அவருக்கு, 2002இல் அமெரிக்க அதிபர் தேசிய அறிவியல் பதக்கத்தை வழங்கினார். 2005 ஜூன் 20ஆம் நாள், தம் 77ஆவது வயதில், மலைகள் சூழ்ந்த மொண்டானா மாநிலத்தில் மாரடைப்பால் காலமானார். அந்த ஆண்டு மௌனா லோவாவின் சராசரி 380ஐ எட்டியிருந்தது. பொறுப்பு ரால்ஃபிடம் வந்தது. 2013 மே மாதத்தில் ஒரு நாள் சராசரி முதன்முறையாக 400ஐத் தொட்டது. இன்று மௌனா லோவா தனியாக இல்லை. உலகின் பல மூலைகளில் காற்று அளக்கப்படுகிறது. சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில், மழைக்காட்டின் நடுவே, மலேசிய வானிலைத் துறையின் நிலையமும் அவற்றுள் ஒன்று.

2022 நவம்பர் 27ஆம் நாள் இரவு, முப்பத்தெட்டு ஆண்டுகள் உறங்கிக் கிடந்த மௌனா லோவா வெடித்தது. நிலையத்தைத் தீக்குழம்பு தொடவில்லை. ஆனால், மறுநாள் அது மலைப்பாதையைக் கடந்து மின்கம்பங்களைச் சாய்த்தது. கருவிகள் நின்றன. 1964க்குப் பிறகு, மீண்டும் ஒரு வெறுமை அந்த வரைபடத்தில் விழவிருந்தது.

இம்முறை யாரும் காத்திருக்கவில்லை. அதே தீவின் வடக்கே, ஏறக்குறைய 34 கிலோமீட்டர் தொலைவில் மௌனா கியா மலை இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள வானாய்வுக்கூடம் ஒன்று இடம் தந்தது. கருவிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 8ஆம் நாள், அதாவது பத்து நாள்களில், அரசு நிறுவனம் அங்கு அளக்கத் தொடங்கியது. சில நாள்களில் ரால்ஃப் கீலிங்கின் குழுவும் தன் கருவியை அங்குப் பொருத்தியது. மறு ஆண்டு மார்ச் மாதம், சூரிய மின்தகடுகளின் துணையோடு, மௌனா லோவாவின் பழைய கருவிகளில் சில மறுபடியும் காற்றை உள்ளிழுத்தன. அந்த மே மாதத்தின் அளவு, முந்திய மே மாதத்தைவிட மூன்று அலகு கூடியிருந்தது.